ராத்திரி 12 மணிக்கு மேல் ரம்மி கிடையாது! - ஆன்லைன் சூதாட்டத்தைச் சட்டம் துரத்திப் பிடித்த கதை

பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி - சென்னை தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் கோயில்தான் ஊரின் அடையாளம். வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்களும் சில விசேஷ நாள்களும்தான் அம்மன் தரிசனம். மற்ற நாள்களில் நடை சாத்தியிருக்கும். சாமிக்கே நாள் கிழமை உண்டு. ஆனால், கோயில் வாசலில் நிற்பவரின் சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்கு அது கிடையாது. அதில் இருந்த சீட்டாட்ட மேஜை 24 மணி நேரமும் திறந்தே கிடந்தது.

அந்த மேஜைக்கும் ஒரு நேரம் வைக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் விதி கொண்டுவந்தது. நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு கூடாது என்றது அந்த விதி. கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால், இந்த இடத்துக்கு வந்து சேர அரசுக்கு ஐந்து வருடங்கள், இரண்டு அவசரச் சட்டங்கள், ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியின் குழு, ஆளுநருடன் ஒரு மோதல், உயர் நீதிமன்றத்தில் இரண்டு பின்னடைவுகள் தேவைப்பட்டன.

புதிய தொழில்நுட்பம் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் சட்டம் அதை எப்படி எட்டிப் பிடிக்கிறது? ஏன் ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்குகிறது? இதற்கு ஆன்லைன் ரம்மியைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை.

கதவு இருந்த காலத்துச் சட்டம்

தமிழ்நாட்டில் சூதாட்டத்துக்கான பழைய சட்டம் 1930-ம் வருடத்தையது. பிரிட்டிஷ் ஆட்சியில், சென்னை மாகாணத்துக்காக எழுதப்பட்டது. அந்தச் சட்டம் மனதில் வைத்திருந்தது ஒரு வீட்டை. அதற்குப் பெயர் 'பொதுச் சூதாட்ட விடுதி'. ஓர் இடம், அதற்கு ஓர் உரிமையாளர், நடுவில் சீட்டும் பணமும். போலீஸ் உள்ளே நுழைந்து பிடிக்கலாம், சீட்டுக்கட்டைப் பறிமுதல் செய்யலாம். தோப்பில் ஜமுக்காளம் விரித்து ஆடியவர்களும் திருவிழா நேரத்தில் கொட்டகைக்குப் பின்னால் ஆடியவர்களும் போலீஸ் வந்தால் ஓடிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

போனில் ஆடும்போது விடுதி எங்கே இருக்கிறது? ஆடுகிறவர் பெரம்பலூரில் இருக்கலாம். எதிரில் ஆடுகிறவர் பாட்னாவில். கம்பெனி பெங்களூரில். சர்வர் வேறெங்கோ. நுழைந்து பிடிக்கக் கதவே இல்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தோப்பில் ஆடினால் நாலு பேர் பார்ப்பார்கள். வீட்டுக்குத் தகவல் வந்துவிடும். கையில் காசு தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்துவிடும். போனில் ஆடுகிறவரைப் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குக்கூடத் தெரியாது. மக்காச்சோளமோ பருத்தியோ விற்ற பணம் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் அந்தப் பணத்தை எடுக்க பேங்க் வரிசையில் நிற்க வேண்டும். இப்போது யு.பி.ஐ பின் நம்பர் போதும். விடிவதற்குள் ஒரு போகத்து வருமானம் போய்விடலாம். போனது போதாதென்று, அதே போனில் இன்னோர் ஆப் பத்து நிமிடத்தில் கடனும் கொடுக்கும்.

திறமையா, அதிர்ஷ்டமா?

பழைய சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. திறமையால் ஜெயிக்கும் விளையாட்டுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. எனவே, எந்த வழக்கு வந்தாலும் நீதிமன்றம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: இது திறமையா, அதிர்ஷ்டமா?

ரம்மி விஷயத்தில் இதற்கு 1960-களின் இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. செகந்திராபாத்தில் ஒரு கிளப் மீதான வழக்கு அது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், எதைக் கையில் வைப்பது, எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும் என்பதால் ரம்மி பெருமளவு திறமை விளையாட்டுதான் என்றது நீதிமன்றம். 1996-ல் சென்னை ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில் குதிரைப் பந்தயத்தையும் திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆன்லைன் கம்பெனிகள் இத்தனை வருடம் நீதிமன்றத்தில் பிடித்துக்கொண்டு நின்றது இந்தத் தூண்களைத்தான்.

ஆனால், அந்தச் செகந்திராபாத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. ரம்மி ஆட்டத்தில் இருந்து கிளப் நடத்துகிறவர் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்பதையும் நீதிமன்றம் சேர்த்தே சொல்லியிருந்தது. அதாவது, ஆட்டம் திறமையா என்பது ஒரு கேள்வி. மேஜையைப் போட்டவர் என்ன எடுக்கிறார் என்பது இன்னொரு கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சம திறமை உள்ள இரண்டு பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டி ஆடுகிறார்கள். ஆப் ஒவ்வோர் ஆட்டத்திலும் மொத்தப் பணத்தில் 10 சதவிகிதம் கமிஷன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆட்டத்துக்கு 20 ரூபாய். பத்து ஆட்டம் ஆடி ஆளுக்கு ஐந்து ஜெயித்தால், இருவரும் சமம் என்றுதானே நினைப்போம்? இல்லை. கமிஷனாக 200 ரூபாய் போயிருக்கும். இருவருமே ஆளுக்கு 100 ரூபாய் தோற்றிருப்பார்கள். இன்னும் பத்து ஆட்டம் ஆடினால் இன்னும் 200. திறமை இருப்பவர் திறமை இல்லாதவரிடம் ஜெயிக்கலாம். ஆனால், நீண்ட நேரம் ஆட ஆட, மேஜையில் இருக்கும் பணம் குறைந்துகொண்டே போகும். ஆட்டம் நிற்காமல் நடப்பதில்தான் கம்பெனியின் லாபம் இருக்கிறது.

முதல் சுற்று: எல்லாவற்றுக்கும் தடை

2020 ஜூலையில், கொரோனா ஊரடங்கு நேரம். சீட்டாடியதாகப் போடப்பட்ட ஒரு வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. அதை விசாரித்த நீதிபதி பி.புகழேந்தி, நேரில் ஆடுகிற சீட்டுக்கு வழக்கு இருக்கிறது, ஆன்லைனில் நடப்பதற்குக் கட்டுப்பாடு இல்லையே என்ற பிரச்னையை எடுத்துப் பேசி, அரசு உரிய சட்டம் கொண்டுவர வேண்டும் என்று சுட்டிக்காட்டினார்.

அந்த ஆண்டு நவம்பரில் எடப்பாடி பழனிசாமி தலைமையிலான அ.தி.மு.க அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2021 பிப்ரவரியில் அது சட்டமானது. பழைய 1930 சட்டத்திலேயே திருத்தம் செய்து, பணம் வைத்து ஆடினால் திறமை விளையாட்டும் குற்றம்தான் என்று எழுதினார்கள்.

2021 ஆகஸ்ட் 3-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி அமர்வு அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. வலையை அரசு அளவுக்கு மீறி அகலமாக வீசிவிட்டது என்பதுதான் சாரம். பரிசுப் பணத்துக்காக ஆடும் எந்த விளையாட்டும் அந்தத் திருத்தத்தில் சிக்கக்கூடும் என்ற நிலை. தொழில் செய்யும் அடிப்படை உரிமையை இப்படி மொத்தமாகப் பறிக்க முடியாது என்றார்கள் நீதிபதிகள். அரசியல் சாசனத்துக்கு உட்பட்டுப் புதிய சட்டம் கொண்டுவரத் தடையில்லை என்றும் சொன்னார்கள்.

இரண்டாவது சுற்று: பட்டியல் போட்ட சட்டம்

ஆட்சி மாறியது. கடனில் சிக்கி உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் மட்டும் மாறவில்லை. 2022 ஜூனில் ஸ்டாலின் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு குழு அமைத்தது. தற்கொலைத் தடுப்புப் பணியில் நீண்டகால அனுபவம் கொண்ட மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். அதே மாதக் கடைசியில் குழு அறிக்கை கொடுத்தது. அக்டோபரில் அவசரச் சட்டம், பிறகு சட்டமன்றத்தில் மசோதா.

மசோதா ஆளுநர் ஆர்.என்.ரவியிடம் போனது. முடிவு வருவதற்குள் நவம்பரில் அவசரச் சட்டம் காலாவதியானது. 2023 மார்ச்சில், சட்டமன்றத்துக்கு இதில் அதிகாரம் இல்லை என்று சொல்லி ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். மார்ச் 23-ம் தேதி சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்ப, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

இந்தச் சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுகிறவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விளம்பரம் செய்தால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். நடத்துகிறவருக்கு 3 வருடம் வரை சிறை அல்லது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். கூடவே, தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் என்ற அமைப்புக்கும் இதில் இடம் இருந்தது. ரம்மி, போக்கர் இரண்டையும் 'அதிர்ஷ்ட விளையாட்டு' என்று பட்டியலில் சேர்த்துத் தடை செய்திருந்தார்கள்.

கம்பெனிகள் மறுபடி நீதிமன்றம் போயின. எதிரில் ஆடுவது மனிதரா, 'பாட்' எனப்படும் மென்பொருளா என்பதே தெரியாது, சீட்டைக் கலைப்பதும் கம்ப்யூட்டர்தான், அதனால் ஆன்லைன் ரம்மி வேறு, நேரில் ஆடும் ரம்மி வேறு என்றது அரசு. அதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்றது உயர் நீதிமன்றம். 2023 நவம்பர் 9-ம் தேதி தலைமை நீதிபதி எஸ்.வி.கங்காபூர்வாலா, நீதிபதி பி.டி.ஆதிகேசவலு அமர்வு, ரம்மி, போக்கரைச் சேர்த்த பட்டியலை மட்டும் ரத்து செய்தது. ஆனால், சட்டத்தின் மற்ற பகுதி நின்றது. ஆடும் நேரம், வயது போன்றவற்றுக்கு வரைமுறை வகுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்பது உறுதியானது.

அரசு தோற்றதாகத்தான் அன்று செய்தி வந்தது. உண்மையில், சரியான கதவு அன்றுதான் திறந்தது.

மூன்றாவது சுற்று: கேள்வியே மாறியது

2025 பிப்ரவரியில் ஆணையம் கொண்டுவந்த விதிமுறைகளில் 'திறமையா, அதிர்ஷ்டமா' என்ற பேச்சே முக்கியமில்லை. யார் ஆடுகிறார், எப்போது ஆடுகிறார், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம்? இவைதான் கேள்விகள்.

* 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை.
* கணக்கு தொடங்க ஆதார் சரிபார்ப்பும், ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி-யும் கட்டாயம்.
* நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழைய முடியாது.
* தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால், 30 நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு நேரம் ஆடியிருக்கிறீர்கள் என்ற எச்சரிக்கை திரையில் வர வேண்டும்.
* நாள், வாரம், மாதத்துக்கு இவ்வளவுதான் பணம் கட்டுவேன் என்று வரம்பு வைத்துக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும்.
* 'இது அடிமைப்படுத்தக்கூடிய விளையாட்டு' என்ற எச்சரிக்கை கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

கம்பெனிகள் இதையும் எதிர்த்தன. ஆதார் கேட்பது அந்தரங்க உரிமையை மீறுகிறது, வயதுவந்த ஒருவர் எத்தனை மணிக்கு ஆட வேண்டும் என்று அரசு சொல்லலாமா என்று வாதிட்டன. 2025 ஜூன் 3-ம் தேதி நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், கே.ராஜசேகர் அமர்வு விதிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தரங்க உரிமை முக்கியம், ஆனால் அது வரம்பில்லாதது அல்ல, மக்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் காக்கும் பொறுப்பு அரசுக்கு இருக்கிறது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

முதல் இரண்டு சுற்றுகளிலும் அரசு விளையாட்டின் பெயரோடு மல்லுக்கட்டியது. மூன்றாவது சுற்றில் அந்த விளையாட்டு வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று பார்த்தது. ஜெயித்தது.

கொரியாவும் சீனாவும்

நேரக் கட்டுப்பாடு நம் ஊர் கண்டுபிடிப்பு இல்லை. தென் கொரியாவில் 2011-லேயே, 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம் ஆடத் தடை வந்தது. 'சிண்ட்ரெல்லா சட்டம்' என்று அதற்குச் செல்லப்பெயர். ஆனால், அது கம்ப்யூட்டர் விளையாட்டுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. பிள்ளைகள் மொபைலுக்கு மாறிவிட்டார்கள். பத்து வருடம் கழித்துச் சட்டத்தைக் கைவிடுவதாக அரசே அறிவித்தது. சீனாவில் 2021 முதல் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை ஒரு மணி நேரம் மட்டும்தான். பிரிட்டன் வேறு வழியில் போனது. 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் சூதாடத் தடை. கடன் வாங்கி ஆடாதே, அவ்வளவுதான்.

மூன்று நாடுகளும் மூன்று இடத்தில் கை வைத்திருக்கின்றன. நேரம், வயது, பணம். தொழில்நுட்பம் ஒரு பக்கம் நகர்ந்துவிட்டால், சட்டமும் பின்னாலேயே நகர வேண்டியிருக்கிறது. கொரியா கற்றுக்கொண்ட பாடம் அது.

டெல்லி போட்ட பூட்டு

தமிழ்நாட்டு விதிகள் செல்லும் என்று தீர்ப்பு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை இரண்டே நாளில் இரண்டு அவைகளிலும் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். திறமையோ, அதிர்ஷ்டமோ, பணம் கட்டி பணம் ஜெயிக்கும் எந்த ஆன்லைன் விளையாட்டும் கூடாது என்கிறது அது. நடத்தினால் 3 வருடம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரத்துக்கு 2 வருடம், 50 லட்சம் வரை. பணப் பரிமாற்றத்துக்கு உதவும் வங்கி, நிதி நிறுவனங்களும் தப்ப முடியாது. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகவே இந்தச் சட்டம் பார்க்கிறது. பணம் கட்டாமல் ஆடும் கேம்களுக்கும் இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளுக்கும் தடை இல்லை.

சுமார் 45 கோடி பேர் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், 20,000 கோடி ரூபாய்க்கும் மேல் இழந்திருப்பதாகவும் மத்திய அரசு சொன்ன மதிப்பீடு. ட்ரீம் 11 உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் பணப் போட்டிகளை நிறுத்தின. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்தே ட்ரீம் 11 பெயர் போனது. சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் போடப்பட்ட வழக்குகளை, 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. இதே விளையாட்டுகளில் கட்டும் பணத்துக்கு 2023 அக்டோபர் முதல் 28 சதவிகித ஜி.எஸ்.டி வசூலித்தது அரசு. தடைச் சட்டம் வந்த அடுத்த மாதம் அந்த வரி விகிதம் 40 சதவிகிதம் ஆனது. ஒரு கை தடுக்கிறது, இன்னொரு கை வரி அட்டவணையில் இடம் வைத்திருக்கிறது.

பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்து

அப்படியானால் பிரச்னை முடிந்ததா? லாட்டரியை நினைத்துப் பாருங்கள். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனையைத் தடை செய்தது. தெருவுக்குத் தெரு இருந்த கடைகள் போயின. அது பெரிய மாற்றம்தான். ஆனால், மூன்று நம்பர் லாட்டரி விற்றதாகக் கைது என்ற செய்தி இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆன்லைனிலும் அதே ஆபத்து இருக்கிறது. உள்ளூர் கம்பெனி என்றால் முகவரி உண்டு, நோட்டீஸ் அனுப்பலாம், விதி போடலாம். வெளிநாட்டில் இருந்து இயங்கும் பெட்டிங் தளங்களுக்கு 12 மணி விதியும் இல்லை, வயது வரம்பும் இல்லை. ஒரு முகவரியை முடக்கினால் வேறு பெயரில் இன்னொன்று வரும். டெலிகிராம் குரூப்பில் லிங்க் வரும். அப்படிப்பட்ட தளத்தில் ஜெயித்த பணத்தைக் கொடுக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

இந்தச் சந்தில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பெரம்பலூரைச் சுற்றிக் கல்லூரிகள் நிறைய. 'உன் பேங்க் அக்கவுன்ட்டைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்' என்று யாராவது கேட்டால், அது பெரும்பாலும் சூதாட்ட, மோசடிப் பணத்தைச் சுற்றிவிடத்தான். போலீஸ் தேடி வரும்போது ஆவணத்தில் இருப்பது கணக்கின் உரிமையாளர் பெயர்தான். ஏ.டி.எம் கார்டு, சிம் கார்டு எதையும் வாடகைக்குக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் யாராவது சிக்கியிருந்தால்...

*தோற்ற பணம் திரும்பக் கிடைக்குமா?*
ஆடித் தோற்ற பணத்தைச் சட்டம் மீட்டுத் தருவது கடினம். ஆனால், போலி ஆப், ஜெயித்த பணத்தை எடுக்க 'வரி கட்டு' என்று மேலும் பணம் கேட்பது, கணக்கில் இருந்து தெரியாமல் பணம் போவது எல்லாம் மோசடி. உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு. மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

*புகார் கொடுத்தால் ஆடியவரையே பிடிப்பார்களா?*
மத்தியச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை கிடையாது. மாநிலச் சட்டத்தில், சூதாட்டம் என்று வரையறுக்கப்பட்டதை ஆடினால் தண்டனைப் பிரிவு இருக்கிறது. சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடமோ, நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ கேட்டுவிட்டுப் போகலாம். பெண்கள் உள்ளிட்ட தகுதியுள்ளவர்களுக்கு அங்கே உதவி இலவசம்.

*கடன் ஆப் மிரட்டினால்?*
ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் ஆப்கள் உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் எடுக்கக் கூடாது. உறவினர்களுக்குப் போன் போட்டு அசிங்கப்படுத்துவது சட்டப்படி தவறு. ஸ்கிரீன்ஷாட், கால் ரெக்கார்டு எடுத்துவைத்துப் புகார் கொடுங்கள். அங்கீகாரம் பெற்ற வங்கி, நிதி நிறுவனங்களின் கடன் ஆப்கள் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது.

*போனில் இப்போதே என்ன செய்யலாம்?*
யு.பி.ஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து, தேவையில்லாத தானியங்கி அனுமதிகளை ரத்து செய்யுங்கள். யு.பி.ஐ-க்கென்று சின்னத் தொகை மட்டும் இருக்கும் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். விளைச்சல் பணம், நகைக் கடன் பணம் வரும் கணக்கை போனோடு இணைக்காமல் விடலாம். பிள்ளைகள் போனில் ஆப் இறக்கப் பெற்றோர் அனுமதி தேவை என்று அமைத்துவிடலாம்.

*ஆளையே மாற்ற முடியுமா?*
முடியும். இது ஒழுக்கக்கேடு அல்ல, சிகிச்சை தேவைப்படும் பழக்க அடிமைத்தனம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறுக்கு இடம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. திட்டி, போனைப் பிடுங்கி வைப்பதால் மட்டும் தீராது. எவ்வளவு கடன் என்பதை மறைக்காமல் சொல்லவைப்பதுதான் முதல் மருந்து. வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் தனியாக விடாதீர்கள். 104, டெலிமானஸ் 14416, சிநேகா 044-24640050 ஆகிய எண்களை உடனே அழையுங்கள்.

உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் அதே பழைய கேள்வி காத்திருக்கிறது. திறமையான விளையாட்டை அடியோடு தடை செய்யலாமா? நீதிமன்றம் எப்படி முடிவு செய்தாலும், அடுத்த ஆப் வேறு வடிவத்தில் வரும். அதை எழுதுகிறவர்கள் சட்டத்தையும் படித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். அதற்கான விதி வந்து சேரும் வரைக்குமான இடைவெளியில் நஷ்டத்தைத் தாங்குவது வீடுதான். ஆகவே, இந்த வாரம் ஒருநாள் சாப்பிட்டு முடித்த பிறகு, வீட்டில் எல்லோரும் சேர்ந்து வங்கிக் கணக்கு ஸ்டேட்மென்ட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். பத்து நிமிடம் போதும்.